மலையண்ணை

கிரேக்க நாட்டின் வடமேற்கு மூலையில், அல்பேனிய எல்லையைப் பார்த்தபடி ஒரு மலைக்கிராமம் இருக்கிறது. அங்கே எத்தனை ஊற்று என்று என்னைக் கேளுங்கள். ஏழு. எந்த ஊற்றுத் தண்ணீரில் பருப்பு அவியும், எதில் நாள் முழுக்க எரித்தாலும் அவியாது என்பதும் எனக்குத் தெரியும். மேலூருக்கும் கீழூருக்கும் நடுவே ஓடும் பள்ளத்தை எந்த மாதங்களில் கடக்க முடியாது, அதன்மேல் வளைந்து நிற்கும் கல்பாலத்தைக் கட்டிய கொத்தர்கள் எந்தப் பக்கத்தவர்கள், சந்தியில் நிற்கும் பெரிய மரத்தின் கீழ் எந்தக் கிழவர் எந்தக் கதிரையில் இருப்பார், எல்லாம் தலைகீழ்ப் பாடம். நான் கிரேக்கத்துக்குப் போனவள் அல்ல. போக ஆசைப்பட்டவளும் அல்ல. தெற்கு லண்டனில், நோர்பரியில், என் வீட்டுக் குசினியில் நின்று புட்டு அவித்துக்கொண்டிருந்த பாவத்துக்காக, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல என் தலைக்குள் இறக்கப்பட்ட சங்கதிகள் இவை.

இறக்கியவர் எண்பதுகளின் கடைசியில் எங்கள் வீட்டு மேலறையில் வந்து குடியிருந்தவர். தீவுப்பக்கத்து ஆள். நாற்பதை நெருங்கிய வயது. கட்டையான உருவம், கெண்டைக்கால் மட்டும் ஒரு சுற்றுப் பெரிது. பெயரை விடுவோம், நாங்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. என் கணவர்தான் முதல் வாரத்திலேயே மலையண்ணை என்று பெயர் வைத்தார், அது ஒட்டிக்கொண்டது. யாழ்ப்பாணத்துத் தீவுகளைத் தெரிந்தவர்களுக்கு இதன் கூத்து விளங்கும். விரித்த பாய் மாதிரித் தட்டை நிலம் அது. பனையில் ஏறினால்தான் அடுத்த ஊர் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த மனுஷன் வாயைத் திறந்தால் மலை.

பதினேழு வயதில் கப்பலேறியவர். நடுவில் லீவில் வந்து கலியாணம் கட்டினார், ஒரு பெண்பிள்ளை பிறந்தது, திரும்பவும் கப்பல். கப்பல் தொழில் படுத்த காலத்தில் அவருடைய கப்பலையும் கிரேக்கத் துறைமுகம் ஒன்றுக்கு வெளியே நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டார்கள். முதலாளி ஆளையே காணவில்லை. ஊருக்குத் திரும்பவும் வழியில்லை, கொழும்பில் இறங்கினாலே பிடித்து வைத்துக்கொள்ளும் நாட்கள் அவை. கப்பலில் சமைத்த கிரேக்கர் ஒருவர், மனைவியை இழந்தவர், "என்னோடு வா, ஆடு பார்க்க ஆளில்லை" என்று தன் ஊருக்குக் கூட்டிப்போனார். அங்கே மூன்று பனிக்காலம். பிறகு, மனைவியின் சொந்தக்காரர்கள் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு, லண்டனுக்கு வந்தால்தான் குடும்பத்தைக் கூப்பிட்டு எடுக்கலாம் என்று சொன்னதால் இங்கே வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தார். எங்கள் சனத்துக்கு கிரேக்கம் ஒரு இடமே அல்ல. அது பஸ் மாறுகிற தரிப்பு. லண்டன், கனடா, இவைதான் இறங்குகிற இடங்கள்.

எனக்குப் பிடித்த சனி என்னவென்றால், நான் ஊரில் ஆறு வருடம் புவியியல் படிப்பித்தவள். இங்கே பள்ளிக்கூடக் குசினியில் உருளைக்கிழங்கு மசிக்கிற வேலைதான் கிடைத்தது, அது வேறு கதை. ஆனால் என் கணவர் சும்மா இருக்காமல், "இவ ஜியோக்ரபி டீச்சர், அண்ணை" என்று ஒருநாள் அறிமுகம் செய்துவைத்தார். அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. பைத்தியக்காரன் கையில் பம்பரத்தைக் கொடுத்த கதை.

"தங்கச்சி, இந்தக் குழாய்த் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. எங்கட ஊரில நாலாவது ஊத்து இப்பிடித்தான்."

"எந்த ஊர் அண்ணை?"

"எங்கட ஊர்தான்."

எங்கட ஊராம்! அவருக்குப் பிறந்த ஊர் ஒன்று இருந்தது, மனைவியும் பிள்ளையும் அங்கேதான் இருந்தார்கள். அதைப்பற்றி ஒரு சொல் வராது. ஆட்டுப்பட்டியின் வாசல் எந்தத் திசையைப் பார்த்தது, ஏன் பார்த்தது என்று அரை மணித்தியாலம் வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் போலார்ட்ஸ் ஹில்லுக்கு ஏறிப்போவார். பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்து, காலணியைக் கழற்றாமலே குசினி வாசலில் நின்று சொல்வார்: "இதையும் ஹில் எண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள் தங்கச்சி. வெக்கமில்லாத சனம்." லண்டன் மாநகரசபை அவரைத் தனிப்பட ஏமாற்றிவிட்ட மாதிரி முகம் இருக்கும். ஒரு விரற்கடைப் பனி விழுந்து பஸ் எல்லாம் நின்ற ஒரு நாளில், நான் வேலைக்கு எப்படிப் போவதென்று அந்தரப்பட்டுக்கொண்டு நிற்க, மனுஷன் படியில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தார். அங்கே பனி கதவு நிலைக்கு மேலே வருமாம். மேல் ஜன்னலால் இறங்கித்தான் ஆட்டுக்கு இலை போடுவாராம். "அண்ணை, எனக்கு எட்டரைக்குக் கிழங்கு உரிக்கவேணும். உங்கட ஆட்டைப் பிறகு பாப்பம்" என்றேன். அதற்கும் சிரித்தார்.

என் பிழையும் ஒன்று உண்டு. வாய் சும்மா இராமல் ஒருநாள் சமவுயரக் கோடு என்றால் என்னவென்று அவருக்கு விளங்கப்படுத்திவிட்டேன். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை எல்லாம் சேர்த்து ஒரு கோடு, கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மெல்லிய சரிவு. ஐந்து நிமிடப் பாடம். மாணவிகளுக்கு ஒரு தவணை முழுக்கச் சொல்லியும் ஏறாத விசயம் அவருக்குக் கற்பூரம் மாதிரிப் பற்றிக்கொண்டது. பிறகென்ன, கோதாரி! காஸ் பில்லின் பின்பக்கம், கவுன்சில் கடிதத்தின் உறை, ஆவி படிந்த ஜன்னல், நான் குழைக்க வைத்த அரிசிமா, எங்கே பார்த்தாலும் வளைவு வளைவாக அந்த ஊர். "பாருங்கோ, இது தீர்க்கதரிசியின்ரை கோயில், உச்சியில. இதிலயிருந்து இறங்கினால் மேலூர். இந்த இடத்தில கோடு எல்லாம் ஒட்டுது, பள்ளம்." அடுத்த நாள் காஸ் கம்பனிக்குக் கட்டவேண்டிய பில்லைத் தேடினால், ஏழு ஊற்றும் குறித்து ஜன்னலில் காயப்போட்டிருந்தது.

புவியியல் முடிந்தால் சரித்திரம். அந்த ஊர் முதலில் கீழே ஆற்றோரம் இருந்ததாம். துருக்கி ராச்சிய காலத்தில் வரி கேட்டு வருகிறவர்களின் தொல்லை தாங்காமல் குதிரை ஏறமுடியாத இடமாகப் பார்த்து மேலே போய்க் குடியேறினார்களாம். ஆண்கள் எல்லாம் கல்வேலைக்கு வெளியூர் போய்விடுவார்கள், பெண்கள்தான் கூரைக்குக் கல் சுமந்தது. பிறகு ஜேர்மன் படை வந்து ஊரைக் கொளுத்தியது. பிறகு ஊர்ச்சனத்துக்குள்ளேயே சண்டை, அண்ணன் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கம். அதற்குப் பிறகு பிள்ளைகள் எல்லாம் அவுஸ்திரேலியா, ஜேர்மனி என்று போய்விட, பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். மிஞ்சியது கிழடுகளும் ஆடுகளும்.

இதில் எனக்கு ஆத்திரம் வந்தது ஒன்றில்தான். "ஜேர்மன்காரர் வரேக்கை நாங்கள் மலைக்கு ஓடினம்" என்பார்.

"நாங்களோ? அண்ணை, நீங்கள் அப்ப பிறக்கவே இல்லை."

"ஓம். ஆனால் நாங்கள் ஓடின பாதை இப்பவும் இருக்கு தங்கச்சி. நான் ஆட்டோட அதாலதான் போறனான். சின்னப் பிள்ளையைக் கையில பிடிச்சுக்கொண்டு போனால் குகைக்கு ஒரு மணித்தியாலம். தூக்கிக்கொண்டு போனால் முக்கால்."

கிரேக்க முத்திரையோடு மாதம் ஒரு கடிதம் வேறு வரும். எனக்குச் சந்தேகம் தட்டியது. இப்படி ஒரு ஊரை நினைத்து உருகுகிறவன் வெறும் மலைக்கா உருகுவான்? அங்கே யாரோ ஒருத்தி இருக்கிறாள், இங்கே பெண்சாதி பிள்ளையை எடுக்கப்போகிறேன் என்று ஊரை ஏய்க்கிறார் என்று முடிவுகட்டினேன். மனதில் வைத்திருக்க எனக்குத் தெரியாது. ஒருநாள் கடிதத்தை நீட்டிக்கொண்டே கேட்டேன்: "அண்ணை, நேரா கேக்கிறன், அங்க ஆரும் இருக்கினமோ?"

அவர் உறையைப் பிரித்து உள்ளே இருந்த படத்தை என் கையில் தந்தார். மீசை வைத்த சமையற்காரர் ஒரு கறுத்த ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். "இவதான்" என்றார் மலையண்ணை, ஆட்டைத் தொட்டு. "போன மாசம் ரெண்டு குட்டி." என் கணவர் சோபாவில் இருந்து சிரித்த சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பிறகு ஒருநாள் தீவுப்பக்கம் ஆமி இறங்கிவிட்டது என்று செய்தி வந்தது. நோர்பரியில் தமிழ்க்கடை வைத்திருந்தவர்தான் முதலில் சொன்னார், பின்னேரம் வானொலியும் சொன்னது. சனம் எல்லாம் கடல்கடந்து யாழ்ப்பாணப் பக்கம் ஓடுகிறதாம், யார் உயிரோடு, யார் இல்லை என்று தெரியாது. மலையண்ணை, மிச்சம் என்கிற பக்கத்து ஊரில் பழக்கடை ஒன்றில் பெட்டி இறக்கும் வேலை செய்துகொண்டிருந்தார். வேலையால் வந்து குசினிக் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி வைத்தேன், தொடவில்லை.

"தங்கச்சி, எங்கட ஊரில உயரமான இடம் எது?"

மறுபடியும் தொடங்கிவிட்டாரே என்று எனக்கு எரிச்சல். "உச்சியில கோயில் எண்டு நீங்கள்தானே சொன்னியள்" என்றேன்.

"அந்த ஊரில்லை. நான் பிறந்த ஊரில."

அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு தானே பதில் சொன்னார். "பிள்ளையார் கோயில் வாசல்படி. மூண்டு படி. அதுக்கு மேல ஒண்டுமில்லை."

அன்றைக்குத்தான் விளங்கியது, இந்த மனுஷன் இவ்வளவு காலமும் ஆட்டுக்காக அந்தப் பாதைகளை அளக்கவில்லை என்று. விளங்கி என்ன செய்வது? மூன்று கிழமை அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பிறகு கடிதம் வந்தது. மனைவியும் மகளும் உயிரோடு யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில், இன்னும் நாலு குடும்பங்களோடு இருந்தார்கள். "எப்பிடியாவது எங்களைக் கூப்பிடுங்கோ" என்று மனைவி எழுதியிருந்தார். கடிதம் முழுக்க அந்த ஒரு வரிதான் என்று சொல்லலாம்.

சரியாக அந்த நேரத்தில்தான் குடிவரவு அலுவலகத்தில் நேர்முக விசாரணைக்கு நாள் குறித்து வந்தது. எங்கள் வீடு ஒரு பரீட்சை நிலையம் மாதிரி ஆயிற்று. ஏனென்றால் அப்போது சனத்தின் வாயில் இரண்டு கதை அடிபட்டது. ஒன்று, உன் ஊர் எது, கோயில் எங்கே, தபாற்கந்தோர் எங்கே என்று குடைந்து கேட்கிறார்கள், தடுமாறினால் நீ அந்த ஊரவனே இல்லை என்கிறார்கள். இரண்டாவது, வழியில் வேறு நாட்டில் தங்கியிருந்தாய் என்று தெரிந்தால் அந்த நாட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்த சொந்தக்காரர் அந்த மூன்று வருடத்தையும் 'கப்பலில்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டிருந்தார். ஆகவே மலையண்ணை இரண்டு காரியம் செய்யவேண்டும். தெரியாத தன் ஊரைத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த அந்த ஊரை மறக்க வேண்டும். எது கஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

தீவுக்காரர்கள் நாலு பேரை விசாரித்து அவருடைய ஊரின் படத்தை நான் வரைந்தேன். குசினிச் சுவரில் ஒட்டினேன். இரண்டு கிழமை, வேலையால் வந்து தினமும் பாடம்.

"வீட்டிலயிருந்து பள்ளிக்கூடத்துக்கு எப்பிடிப் போறது?"

"பிள்ளையார் கோயிலடிக்கு வந்து, அங்கயிருந்து கீழ இறங்கி..."

"கீழ எங்க அண்ணை இறங்கிறது? கடலுக்குள்ளயோ? நேரா போங்கோ!"

"நேரா போய், தபாற்கந்தோர் தாண்டி, மேல ஏறி..."

"ஏத்தம் இல்லை! உங்கட ஊரில ஏத்தமும் இல்லை, இறக்கமும் இல்லை! கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு, நாலே நாலு சொல்லு. அதை மட்டும் சொல்லுங்கோ!"

கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பத்தாம் வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை இருந்திருந்தால் தகப்பனைக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் மனுஷன் விடவில்லை. மகளின் படத்தைச் சுவரில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் குத்திவைத்துக்கொண்டு படித்தார். கடைசி நாள் ஒரு பிழை இல்லாமல் சொல்லிமுடித்தார். "கிரீஸ் எண்ட சொல்லு?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது தங்கச்சி" என்றார், தலையை ஆட்டிக்கொண்டு.

விசாரணைக்குத் துணையாக ஒருவர் போகலாம், வாய் திறக்கக் கூடாது என்றார்கள். வாய் திறக்காமல் இருக்க என்னை விட்டால் ஆளா இல்லை? ஆனாலும் நான்தான் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட, சாந்தமான ஒரு வெள்ளைக்கார அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க, தமிழ்நாட்டுப் பெடியன் ஒருவன், கழுத்துப்பட்டி எல்லாம் கட்டி. நான் சுவரோரம்.

அதிகாரி ஊரைக் கேட்டார். மலையண்ணை மணிமணியாகச் சொன்னார். கிழக்கே குளம், மேற்கே கடல், கோயிலுக்கு வடக்கே தபாற்கந்தோர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் படிப்பித்த எந்தப் பிள்ளையும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை. அதிகாரி எழுதினார். பிறகு, அங்கே திரும்பிப் போனால் என்ன பயம் என்று கேட்டார்.

"ஆமி வந்திட்டுது ஐயா. எங்கட ஊர் தட்டை. ஓடி ஒளிக்க ஒரு இடம் இல்லை."

நல்ல பதில். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பெடியன் மொழிபெயர்த்தான். அதிகாரி பேனையை வைத்துவிட்டு, தட்டை என்றால் எப்படி, கொஞ்சம் விளக்குங்கள் என்றார். அடப்பாவி, எந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாதோ அதைக் கேட்டார்.

"ஐயா, ஒரு மலை இருந்தால் சனம் தப்பும். ஜேர்மன்காரர் வரேக்கை நாங்கள்..."

பெடியன் திடுக்கிட்டுத் திரும்பினான். "சார், ஜெர்மன்காரங்களா? யாழ்ப்பாணத்துக்கா வந்தாங்க?"

"யாழ்ப்பாணத்துக்கில்லை தம்பி. எங்கட ஊருக்கு."

"நீங்க கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க சார்."

நான் இருமினேன். கதிரையை உரசினேன். கைப்பையைக் கீழே போட்டேன். அவருக்குக் காது கேட்கவில்லை. அதிகாரியின் தாளைத் தன் பக்கம் இழுத்து, அதிகாரியின் பேனையாலேயே சமவுயரக் கோடு போடத் தொடங்கிவிட்டார். நான் சொல்லிக்கொடுத்த கோடு! உச்சியில் கோயில், இங்கே பள்ளம், இங்கே பாலம், இந்தப் பாதையால்தான் சனம் ஏறியது, நடக்கமுடியாதவர்களைக் கழுதையில் ஏற்றியது, இந்தக் குகையில் ஒன்பது நாள் இருந்தது. வீடு எரிந்தது, சனம் எரியவில்லை. "நான் ஒவ்வொரு நாளும் ஆட்டோட அதால போகேக்கை என்ரை பிள்ளையை அதில நடத்திக் கூட்டிக்கொண்டு போவன், ஐயா. மனசுக்குள்ள" என்றார். பெடியனின் குரல் அந்த வரியை மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் இறங்கியது. அவனும் நல்லவன்தான்.

அதிகாரி படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாக, அந்த ஊரில் நீங்கள் எவ்வளவு காலம் இருந்தீர்கள் என்று கேட்டார்.

"மூண்டு பனிக்காலம்" என்றார் மலையண்ணை, நெஞ்சை நிமிர்த்தி.

முடிந்தது. விசாரணை நடந்த குரோய்டனில் இருந்து நோர்பரி வரைக்கும் பஸ்ஸில் நான் அவரோடு ஒரு சொல் பேசவில்லை. இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதுதான் வெடித்தேன்.

"வேணுமெண்டு சொன்னீங்களோ?"

"இல்லை தங்கச்சி. சத்தியமா மறந்திட்டன். அந்த மனுஷன் ஊரைக் கேட்டுது. வாயைத் திறந்தன், வந்திட்டுது."

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. கிரேக்கத்தில் பாதுகாப்பாகத் தங்கியிருந்திருக்கிறீர்கள், அங்கே திரும்பிப் போகலாம், இங்கே அடைக்கலம் தரவேண்டியதில்லை. வழக்கறிஞர் மேன்முறையீடு செய்யலாம், வருடக் கணக்காகும் என்றார். மலையண்ணை வேண்டாம் என்றுவிட்டார். நான் குசினியில் நின்று வாயில் வந்தபடி ஏசினேன். அவருக்காக நாக்கு வறளப் படிப்பித்ததற்காக, அந்தச் சுவர்ப்படத்துக்காக, வகுப்பறைத் தரையில் படுத்திருக்கும் அந்தப் பெண்சாதிக்காக. அழுகையும் வந்தது. கோபத்தில்தான் அழுகிறேன் என்று அவரிடம் சொன்னேன். அது அவ்வளவு உண்மையல்ல.

ஏசிக்கொண்டிருந்தவள் ஒரு கட்டத்தில், சும்மா, வாதத்துக்காகக் கேட்டேன்: "அவ்வளவு நல்ல ஊர் எண்டால், அங்கயே அவையளைக் கூப்பிட்டிருக்கலாமே! ஏன் இங்க வந்து என்ரை உயிரை வாங்கினீங்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலிருந்தது.

"அப்பிடி ஒருத்தரும் செய்யேல்லையே, தங்கச்சி" என்றார்.

ஏழு ஊற்றையும் மனப்பாடம் பண்ணிய எனக்கே அது குடும்பம் இருக்கிற இடமாகத் தோன்றியதில்லை. எவ்வளவு காலம் கேட்டேன், எவ்வளவு ஏசினேன், ஒருதரம் யோசித்தேனா? புவியியல் டீச்சராம்! என்னில் எனக்கு வந்த எரிச்சல் அவரில் வந்ததைவிடப் பெரிது.

அவர் போனார். மிளகாய்த்தூள் மூன்று கிலோ கட்டிக்கொடுத்தேன். ஹீத்ரோவில் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, என்னிடம், "தங்கச்சி, கோவம் வேண்டாம்" என்றார். "கோவம்தான், போங்கோ" என்றேன்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் கடிதங்கள் வந்தன, எல்லாம் படத்தோடு. சமையற்காரரின் ஒன்றுவிட்ட தங்கை அவுஸ்திரேலியாவில் பிள்ளையோடு இருக்கப் போய்விட, அந்தத் தங்கையின் வீட்டை இவரிடம் பார்த்துக்கொள்ளத் தந்திருக்கிறார்களாம். கூரைக்குத் தானே கல் ஏற்றுகிறாராம். ஊர்த்தலைவர் கடிதம் கொடுத்திருக்கிறாராம், கீழே நகரத்தில் ஒரு கந்தோருக்குப் பதினொரு தரம் போய்வந்தாராம். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்து வவுனியா, வவுனியாவில் இருந்து கொழும்பு லொட்ஜ் என்று ஒவ்வொரு படியாக வந்துகொண்டிருந்தார்கள். விசா எடுத்த விதத்தை ஆறு பக்கத்தில் விளக்கியிருந்தார், அதில் நாலு பக்கம் கந்தோருக்குப் போகும் பாதையின் வளைவுகள். எனக்கு வேண்டிய செய்தியைத் தவிர மற்றெல்லாம் எழுதுவார். எப்போது வருகிறார்கள், வருவார்களா மாட்டார்களா? அதைக் கேட்டு நான் எழுதிய கடிதத்துக்கு, வசந்தத்தில் பாலத்தடியில் தண்ணீர் எவ்வளவு உயரம் என்று பதில் வந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மீன் துப்புரவாக்கிக்கொண்டிருக்கத் தொலைபேசி அடித்தது. வழித்த செதில் ஒட்டிய கையோடு எடுத்தேன்.

"தங்கச்சி, நான்தான். வந்திட்டினம்."

"ஆர் அண்ணை? எங்க வந்தவை?"

"மனிசியும் பிள்ளையும். இண்டைக்குத்தான். பஸ் கீழ் றோட்டு மட்டும்தான் வரும், மழையில மேல் றோட்டு இடிஞ்சு கிடக்கு. அதுக்குப் பிறகு நடை."

"குடுங்கோ, குடுங்கோ, மனிசியிட்டைக் குடுங்கோ, ரெண்டு சொல்லுக் கதைப்பம்."

"இன்னும் மேல வரேல்லை. பாதியில இருக்கினம்."

"பாதியிலயோ?"

"ஓம். ஏறிப் பழக்கமில்லைத்தானே. ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்கிப்போச்சு. இனி ஒரு அடி வைக்க ஏலாது எண்டு மனிசி கல்லில இருந்திட்டா. பிள்ளை அழுகுது. நான் சந்திக் கடைக்கு ஓடி வந்து முதல்ல உங்களுக்குச் சொல்லுவம் எண்டு எடுத்தனான். அவையள் இருக்கிற கல்லு தங்கச்சி, அதிலயிருந்து பாத்தால் கீழூர் முழுக்க..."

"உங்களுக்கென்ன விசரே!" என்று நான் போட்ட சத்தத்தில் என் கணவர் மேலே இருந்து எட்டிப்பார்த்தார். "தெரியாத நாட்டில, தெரியாத மலையில, பெண்சாதி பிள்ளையை நடுவழியில விட்டிட்டு எனக்குப் போன் எடுக்கிறீங்களோ! ஓடுங்கோ! போய் அந்தப் பிள்ளையைத் தூக்குங்கோ!"

"ஓம், ஓம், போறன், போறன்."

அவர் ஓடிவிட்டார். றிசீவரை வைக்கவில்லை. அது எதிலோ தட்டித் தட்டித் தொங்கும் சத்தம் கேட்டது. பிறகு கிழவர்கள் சிலர் விளங்காத பாஷையில் கதைப்பது, கோப்பை வைப்பது, தூரத்தில் ஆட்டு மணி. நான் போனை வைத்துவிட்டிருக்கலாம். கையெல்லாம் மீன் நாற்றம், அடுப்பில் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. என் கணவர் இறங்கி வந்து அடுப்பை நிற்பாட்டிவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆர் போனில? ஒண்டும் கதைக்காமல் என்னத்தைக் கேட்டுக்கொண்டு நிக்கிறீர்?"

"சத்தம் போடாதேங்கோ" என்றேன். "அவையள் இன்னும் ஏறி முடியேல்லை."